வாலறுந்த பாட்டு

முதலில் வந்தது சத்தம்தான். ஆளையும் காணோம், வந்த வழியையும் காணோம், ஒரு பெண்குரலின் நீண்ட 'ஆ' மட்டும், யாரோ ஒரு சொல்லின் கடைசியைப் பிடித்து இழுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ள மறந்துபோன மாதிரி, எங்கள் நாலாம் தெருவின் மேல் வந்து நின்றது. காலை பதினொன்றேகால் இருக்கும். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் எழுந்து, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மைனியின் ஒழுகுகிற மிக்சி ஜாரை மடியில் கவிழ்த்து வைத்து, அடியில் இருந்த பழைய வாஷரை நெம்பிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரைப் பார்த்தேன், அணைந்திருந்தது. காதைப் பொத்திப் பார்த்தேன், சத்தம் குறைந்தது. அப்படியானால் என் தலைக்குள் இல்லை என்று ஒரு நிம்மதி. ஜாரைக் கீழே வைத்துவிட்டு மாடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். தெருவில் எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் என்ன சத்தம் கேட்டாலும் முதலில் என்னைப் பார்ப்பதுதான் வழக்கம்.

அதற்குக் காரணம் உண்டு. மாடிப்படியின் கீழே 'இங்கு மிக்சிங் செய்து தரப்படும்' என்று பலகை வைத்திருக்கிறேன். வைத்த முதல் வாரமே மூன்று மிக்சிகளும் ஒரு கிரைண்டரும் வந்துவிட்டன. பாட்டில் குரலையும் மேளத்தையும் அளவு பார்த்துச் சேர்க்கிற வேலை இது என்று சொல்லிப் பார்த்தேன். 'சரி தம்பி, அத முடிச்சிட்டு இதப் பாருங்க' என்றார்கள். கடைசியில் மிக்சி பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வது விளக்கம் சொல்வதைவிட எளிது என்று தெரிந்தது. பாட்டு வேலையையும் அப்படித்தான் கற்றேன், யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வருடம் மைக்செட் கடையில் இருந்து, கோயில் கொடைவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, மூன்று ஊருக்குக் கேட்டால்தான் பாட்டு, பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டால் முனகல் என்று நம்பி வளர்ந்த காது என்னுடையது.

அந்தச் சத்தம் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் மாடியிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பிலோமினா அக்காவின் குரல் அது. எங்கள் ஊரில் அந்தக் குரலை அறியாதவர் கிடையாது, ஆனால் முகத்தை அறிந்தவர் குறைவு. முப்பது வருடமாகப் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து, திருச்செந்தூருக்கும் ஏரலுக்கும் சாத்தான்குளத்துக்கும் ஜனங்களை ஏற்றி அனுப்புகிறவர். ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் 'புறப்படும்' என்பதைக் கொஞ்சம் இழுத்து, மூட்டையோடு ஓடிவருகிற கடைசி ஆளுக்கு ஒரு மூச்சு நேரம் கொடுத்து விடுவார். போன மாசி மாதம் ஒருநாள் மாடியேறி வந்து, ஒரு பள்ளிக்கூட நோட்டை என் முன்னால் வைத்தார். ஆறு பாட்டு. அவரே எழுதி மெட்டுப் போட்டது.

"முப்பது வருஷமா ஊர்ல உள்ள அத்தன பேரையும் போ, போன்னே சொல்லிட்டேன் தம்பி. ஒரு ஆறு பாட்டுலயாவது வான்னு சொல்லணும்."

ஆறு பாட்டும் யாரையோ வா என்று கூப்பிடுகிற பாட்டுகள்தான். யாரை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறாவது பாட்டு 'வா' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்தது. அந்த 'வா'வைப் பாடிப் பதிவு செய்த அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். தொண்டையில் ஒரு சின்னக் கட்டி, பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

"கொரல் வரும்னு டாக்டர் சொல்லுதாரு. எந்தக் கொரல் வரும்னுதான் சொல்ல மாட்டேங்காரு. அதுக்கு முந்தி என் கொரல்ல முழுசா ஒருவாட்டி கேட்டுறணும். வியாழக்கெழம சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேளா?"

முடித்துவிடலாம் என்றேன். முடித்துவிடலாம் என்பது எங்கள் தொழிலில் வணக்கம் மாதிரி, எல்லாருக்கும் சொல்வது.

பாட்டைக் கலந்து முடித்த பிறகு அது நேரே உலகத்துக்குப் போய்விடாது. சென்னையில் கொரட்டூரில் பரசுராமன் சார் என்று ஒரு மாஸ்டரிங் எஞ்சினியர் இருக்கிறார். அவரிடம் போய், கல்யாணப் பெண்ணைக் கடைசியாக ஒருமுறை தலைவாரி நெற்றிப்பொட்டைச் சரிசெய்து மண்டபத்துக்கு அனுப்புகிற மாதிரி, அவர் கைபட்டுத்தான் வெளியே போகும். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் விதிகளைத்தான் பார்த்திருக்கிறேன். சத்தத்தை விளிம்பு வரை நிரப்பாதே, மேலே ஆறு டெசிபல் இடம் விடு. அமுக்கிப் பிடிக்கிற லிமிட்டரைக் கழற்றிவிட்டு அனுப்பு. பாட்டுக்கு முன்னால் இரண்டு நொடி சும்மா விடு. பின்னால் கடைசிச் சத்தத்தின் வால் முழுக்க அடங்கும்வரை விட்டு, அடங்கிய பிறகும் இரண்டு நொடி விடு. கோப்புக்கு 'ஃபைனல்' என்று பெயர் வைக்காதே, ஃபைனல் எது என்பதை நான் சொல்கிறேன். முதல் முறை அனுப்பியதில் இவை எதுவுமே இல்லையென்று ஆறையும் திருப்பி அனுப்பினார். ஐந்தை ஒழுங்காகச் சரிசெய்தேன். ஆறாவது கடைசிப் பாட்டு அல்லவா, சப்பென்று முடிந்துவிடக் கூடாதென்று அதன் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டேன். மைக்செட்காரன் புத்தி. பிறகு திரையில் சத்தத்தின் படம் மெலிந்து கோடாகிற இடம் பார்த்து வெட்டி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். கண்ணுக்குக் கோடானது காதுக்கு இன்னும் ஒன்பது நொடி உயிரோடு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினொன்றேகாலுக்கு சாரின் செய்தியும் வந்திருந்தது. 'ஐந்து பாட்டு சரி. ஆறாவதன் வால் எங்கே?'

வால் தெருவில் இருந்தது.

சரி, வெட்டினதைத் தள்ளி வெட்டி மறுபடி எடுத்தால் ஆயிற்று என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெட்டிய இடத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. கலக்காத மூலப்பதிவைத் திறந்தேன், அதிலும் 'வா' என்பது கத்தரித்த ரிப்பன் மாதிரி அதே இடத்தில் நின்றது. அக்காவை வரச்சொல்லி மறுபடி பாடவைத்தேன். பாட்டு முழுக்க வந்தது, கடைசிச் சொல் வந்தது, அதன் இழுப்பு மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அது சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

"நம்மளதுதானா?" என்றார்.

"நம்மளதுதான்" என்றேன்.

அன்று மாலையிலிருந்து பேருந்து நிலையத்திலும் அவர் அறிவிப்புகள் வால் இல்லாமல் ஒலிக்க ஆரம்பித்தன. 'புறப்படும்' என்பது இழுக்காமல் கத்தியால் நறுக்கினாற்போல் விழுந்தது. வண்டி இதோ போய்விட்டது என்று ஜனங்கள் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள், அவர்கள் ஓடுவதைப் பார்த்து டிரைவர்களும் ஓடினார்கள், எங்கள் ஊர் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பேருந்துகள் எல்லாம் நேரத்துக்குக் கிளம்பின. அதைப் பற்றிப் பலர் புகார் கொடுத்தார்கள்.

தெருவில் முதல் நாள் எல்லாரும் அதை மோட்டார் என்றார்கள். ஒவ்வொரு வீடாகத் தண்ணீர் மோட்டாரை அணைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கம்பத்தில் காதை வைத்துக் கேட்டு, 'எங்களது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நகராட்சிக் குழாய்க்காரர் வந்து, காற்று அடைத்திருக்கும் என்று குழாயைத் திறந்தார், காற்றும் வரவில்லை, வழக்கம்போல் தண்ணீரும் வரவில்லை. கோயில் தர்மகர்த்தாவும், சர்ச் கமிட்டிக்காரர் ஒருவரும், பள்ளிவாசல் மோதினாரும் தனித்தனியாக வந்து, தனித்தனியாக ஒரு நிமிடம் நின்று கேட்டு, தங்களுடையது இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கூடவே மற்ற இரண்டு பேருடையதும் இல்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

மூன்றாம் நாள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு இருந்தது, இவர்கள்பாட்டுக்கு இருந்தார்கள். ராஜகனி வீட்டுக் கைக்குழந்தை, பிறந்ததிலிருந்து இரண்டு மணிநேரம் சேர்ந்தாற்போல் தூங்காதது, தொட்டிலை ஆட்ட ஆளில்லாமலே தூங்கியது. தெருநாய்கள் ஊளையிடுவதை விட்டுவிட்டன, இதைவிட நீளமாக இழுக்க முடியாது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினொரு வருடமாகச் சாக்கடை யார் வாசல் வழியாகப் போவது என்று தினமும் காலையில் சண்டை போடுகிற இரண்டு வீட்டு ஆண்களும் வழக்கம்போல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆனால் ஒருவர் திட்டி முடிக்கிற இடத்தில் அந்த 'ஆ' சேர்ந்துகொள்ள, திட்டு பாட்டாகிவிட, அடுத்தவருக்குச் சிரிப்பு வந்து, 'பொறவு பாத்துக்கிடுதேன்' என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்குப் போகிற நாதஸ்வரக்காரர்கள் தெருவுக்குள் வேனை நிறுத்தி, சுருதி சேர்த்துக்கொண்டு போனார்கள்.

ஆறாம் நாள் சங்கம் அமைந்துவிட்டது. சுயம்பு அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், தெருவில் எது நடந்தாலும் அதற்கு ஒரு சங்கமும் அதற்கு ஒரு தலைவரும் வேண்டும் என்று நினைக்கிறவர், தலைவர் யார் என்பதைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. 'நாலாம் தெரு ஒலி நலச் சங்கம்' என்று பேனர் கட்டினார். பேனரில் சத்தத்தின் படம் போட முடியாது என்பதால் தன் படத்தைப் போட்டிருந்தார். ஐந்தாம் தெருக்காரர்கள் வந்து, சத்தம் தங்கள் தெருவின் முதல் நாலு வீடு வரைக்கும் கேட்கிறது, ஆகவே தங்களுக்கும் பாத்தியதை உண்டு என்றார்கள். கேட்பது வேறு, நிற்பது வேறு என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பினார். திருநெல்வேலியில் ரப்பர் ஸ்டாம்புக்குச் சொல்லியாயிற்று.

எனக்கு மட்டும் நாள் ஓடியது. பகலில் தூங்குகிறவன் நான், ஜன்னலைச் சாத்தினாலும் 'வா' என்கிறது, தலையணையால் காதைப் பொத்தினாலும் 'வா' என்கிறது. எழுந்து மாடியில் மைக்கைக் கட்டி அதைப் பதிவு செய்து ஒட்டிவிடலாம் என்று பார்த்தேன். காக்கா பதிவானது, மீன்காரர் பதிவானார், எதிர்வீட்டு டிவியில் மாமியார் மருமகளைச் சபிப்பது கணீரென்று பதிவானது. அது மட்டும் பதிவாகவில்லை. காதுக்குக் கேட்கிறது, திரையில் சத்தத்தை அளக்கிற முள் அசையவில்லை.

பரசுராமன் சாருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். பைத்தியம் என்று நினைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதையோ மென்றுகொண்டே கேட்டார்.

"எந்தச் சுருதில நிக்கறது?"

"பாட்டோட சுருதியிலதான் சார்."

"அப்போ இன்னும் உங்க பாட்டோடதுதான். வேற யாரோடதாவும் ஆகலை. இங்க பாருங்கோ ஞானதுரை, நீங்க பாத்திரத்தை விளிம்பு வரைக்கும் ரொப்பிட்டேள். அது எங்க உக்காரும்? வெளில இடம் இருந்தது, போயிடுத்து. குரோம்பேட்டைல ஒருத்தருக்கு மிருதங்கத்தோட கடைசி அடி இப்படித்தான் மாடிப்படில போய் உக்காந்துண்டது."

"பொறவு என்ன செஞ்சாரு சார்?"

"வீட்டை மாத்திண்டார். நீங்க முதல்ல இடத்தைப் பண்ணுங்கோ."

பண்ணினேன். இரண்டு இரவு உட்கார்ந்து லிமிட்டரைக் கழற்றினேன், தபேலாவைக் குறைத்தேன், குறைத்த தபேலாவுக்கு மேல் நின்ற கீபோர்டைக் குறைத்தேன், பயத்தில் நான் சேர்த்து வைத்திருந்த வயலின்களை எல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். ஒவ்வொன்றாகக் குறைக்கக் குறைக்க, மைக்செட் கம்பத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குவது மாதிரி இருந்தது. மேலே ஆறு டெசிபல் வெறும் வானம். கடைசியில் 'வா' நிற்கிற இடத்துக்கு அப்புறம் ஒன்பது நொடி வெற்றிடம், அதற்குப் பின்னால் சாருடைய இரண்டு நொடி. வீடு பெருக்கிக் கோலம் போட்டாயிற்று. விருந்தாளியைத்தான் காணோம். அது தெருவிலேயே நன்றாக இருந்தது.

புதன்கிழமை காலை பிலோமினா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். மறுநாள் மாலைக்குள் பாட்டு கைக்கு வந்தாக வேண்டும், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கையில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும் இருந்தன. தெரு நடுவில் நின்று அண்ணாந்து, தன் குரலைத் தானே ரொம்ப நேரம் கேட்டார். பிறகு எழுதி என்னிடம் நீட்டினார்.

'கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கு.'

நான் அதைச் சத்தமாக வாசிக்க, வாசலில் நின்ற பேச்சியம்மாள் மைனி, "ஒம்போது நாளு ஒக்காராம நின்னா யாருக்கும் எறங்கத்தான் செய்யும்" என்றார்.

அதற்குள் அண்ணாச்சி நாற்காலிகளைப் போட்டு, பொன்னாடையோடு வந்துவிட்டார். சத்தத்தைப் பெற்றெடுத்த தாயாரை வரவேற்பதாகச் சொல்லிப் போர்த்தினார். அக்கா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். 'பாட்டு முடியணும். நாளைக்குள்ள வேணும்.'

வாசித்தேன். தெரு அமைதியானது, அதாவது அந்தச் சத்தம் மட்டும் இருந்தது.

"அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது" என்றார் அண்ணாச்சி. "ஒங்களுதுதான், இல்லங்கல. ஆனா பொண்ண கட்டிக் குடுத்த மாரி நெனச்சிக்கிடுங்க. எப்ப வேணாலும் வந்து கேட்டுட்டுப் போங்க, சேர் போட்டு வைக்கச் சொல்லுதேன். பாட்டுக்கு வேற ஒரு சத்தத்த வச்சு நம்ம தம்பி கம்ப்யூட்டர்ல ஒட்டிர மாட்டாரா?"

"ஒட்டலாம் அண்ணாச்சி" என்றேன். "ஒங்க பேனர்ல ஒங்க படத்துக்குப் பதிலா என் படத்த ஒட்டுற மாரி இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ஏ தம்பி, ராஜகனி மவ ஒம்போது நாளா கண்ண மூடித் தூங்குதா. சாக்கடச் சண்ட இல்ல. நாய் இல்ல. நீரு ஒரு பாட்டுக்காவ ஒரு தெருவையே கெடுக்கப் பாக்கீரே."

நான் மைனியைப் பார்த்தேன். ஏதாவது எனக்காகச் சொல்வார் என்று. அவர் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், போன முறை வரவில்லை. மைனி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குச் சங்கம் கிங்கமெல்லாம் தெரியாது தம்பி. ஆனா காலைல எந்திச்சா யாரோ வா வாங்காவ. நம்மளத்தான் கூப்பிடுதாவன்னு நெனச்சிக்கிட்டே தோசையச் சுடுதேன். அதுல யாருக்கு என்ன நட்டம்?"

அக்கா மைனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தெரு நடுவில் போய் நின்று, மாடியில் கட்டியிருந்த என் மைக்கைக் கண்ணால் காட்டினார்.

"அக்கா, பேசக்கூடாதுன்னு டாக்டர்..."

கையை உயர்த்தினார். ஒலிபெருக்கி அறைக் கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே நிற்கிற டிரைவரைப் பார்த்து உயர்த்துவாரே, அந்தக் கை. முப்பது வருடப் பழக்கமுள்ள கையை மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்ப் பாட்டைத் திறந்து, வெற்றிடத்தின் முன்னால் பதிவை ஓடவிட்டேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

தொண்டையை ஒருமுறை செருமினார். கரகரப்பு கொஞ்சம் இருந்தது, ஆனால் அதே குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஒன்பது நாட்களாக நாலாம் தெருவில் நின்றுகொண்டிருக்கும் சத்தம், இன்னும் சற்று நேரத்தில், ஆறாவது பாட்டுக்குப் புறப்படும். வழியில் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எங்கள் ஊரில் பிறந்து அந்தக் குரலுக்கு ஒதுங்காதவன் கிடையாது. பால் குடிக்கிற வயதில் அம்மா இடுப்பில் இருந்தபடி ஒதுங்கியவர்கள்தான் பாதிப்பேர். யோசிக்கிறதுக்கு முன்னாலேயே கால் நகர்ந்துவிட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள், சைக்கிளைச் சாய்த்தார்கள், சாக்கடைப் பகையாளிகள் இரண்டு பேரும் ஒரே சுவரில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள், அண்ணாச்சி நாற்காலியைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு, தன் பேனருக்குக் கீழேயே போய் ஒட்டிக்கொண்டார், பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது முகத்தில் தெரிந்தது. தெரு நடுவில் அக்காவைத் தவிர மைனி ஒருத்தர்தான் நின்றார். சத்தம் கிளம்பத் தயாராகிவிட்டது, கிளம்பாமல் நின்றது. யாரோ ஏறுவதற்காகக் காத்திருக்கிற வண்டி மாதிரி நின்றது.

மைனி ஒரு அடி பின்னால் எடுத்துவைத்தார்.

திரையில் முள் அசைந்தது. முதலில் மெல்ல, பிறகு நிச்சயமாக, தெருவின் கிழக்கு முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாகக் கடந்து, ஜன்னல் கம்பிகளை லேசாக அதிரவைத்துக்கொண்டு, என் காதருகே வந்து, பாட்டுக்குள் போனது. அதற்கென்று விட்ட இடத்தில் உட்கார்ந்து, மெலிந்து, கோடாகி, கோடான பிறகும் இருந்து, ஒன்பதாவது நொடியில் அடங்கியது. நான் பதிவை நிறுத்தவில்லை. சாருடைய இரண்டு நொடியை எண்ணினேன். அதற்குப் பிறகு நிறுத்தினேன்.

வெளியே, தெரு ஒன்பது நாளுக்குப் பிறகு தெரு மாதிரி இருந்தது. ராஜகனி வீட்டுக் குழந்தை வீறிட்டது.

அன்று இரவே அனுப்பினேன். கோப்புக்கு 'ஆறு' என்று மட்டும் பெயர் வைத்தேன். மறுநாள் மத்தியானம் சார் போன் செய்தார்.

"இடம் நன்னா விட்டிருக்கேள், சந்தோஷம். நாலாவது நொடில இடது பக்கம் ஒரு குக்கர் விசில் அடிக்கறது. தெரிஞ்சுதானா?"

"தெரிஞ்சுதான் சார்."

"கடைசி ரெண்டு நொடில, ரொம்ப தூரத்துல, ஒரு அம்மா 'சரி, போ'ங்கறா. வெட்டிடவா?"

எனக்கே அது தெரியாது. ஹெட்போனை மாட்டி மூன்று முறை கேட்டேன். மைனி. மெல்ல, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சொல்வது போல. சார் காத்திருந்தார். இது என் பாட்டில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்காவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: 'இருக்கட்டும்.'

வியாழன் மாலை அக்கா வந்து, என் அறையில், நல்ல நாற்காலியில் உட்கார்ந்து ஆறு பாட்டையும் கேட்டார். ஐந்து பாட்டுக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஆறாவது பாட்டின் 'வா' வந்து, நின்று, போய், தூரத்தில் 'சரி, போ' என்று கேட்டதும் நிமிர்ந்தார். சத்தமில்லாமல் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நோட்டில் எழுதினார்: 'முப்பது வருஷத்துல என் அறிவிப்புக்கு யாரும் பதில் சொன்னதில்ல தம்பி.' இறங்கிப் போகும்போது மைனி வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். மைனி ஒரு பாத்திரத்தில் ஏதோ கொடுத்தார், அக்கா வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் வாய் திறக்கக் கூடாதாம். பேருந்து நிலையத்தில் வேறு யாரோ பட்டியலை வாசிக்கிறார்கள், யாரும் ஓடுவதில்லை, பேருந்துகள் பழையபடி தாமதமாகத்தான் போகின்றன, புகார்கள் நின்றுவிட்டன. சாக்கடைச் சண்டை புதன்கிழமை மாலையே மறுபடி தொடங்கிவிட்டது, ஒன்பது நாள் பாக்கியும் சேர்ந்துகொண்டதால் ராத்திரி சாப்பாட்டு நேரம்வரை நடந்தது. சங்கத்தைக் கலைத்துவிடலாமே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். ரப்பர் ஸ்டாம்பு அன்றைக்குத்தான் வந்திருந்தது. "சத்தம் போனா என்ன தம்பி, இப்ப அமைதியப் பாதுகாக்க ஒரு ஆளு வேண்டாமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். அறை ரொம்பக் காலியாக இருந்தது. படியில் செருப்புச் சத்தம்.

"தம்பி, அந்த ஜாரு என்னாச்சு? பன்னெண்டு நாளா அம்மியில அரைச்சு தோள்பட்ட போச்சு."

"இந்தா மைனி, இப்ப முடிச்சிருதேன்."

ஜார் வைத்த இடத்தில் கவிழ்ந்தபடியே கிடந்தது, நெம்பின வாஷர் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடியில் எடுத்து வைத்து, பழையதைப் பிடுங்கி, புதியதை அழுத்தி உட்காரவைத்துத் திருகினேன். ஜாரில் தண்ணீர் ஊற்றினேன். விளிம்பு வரை ஊற்றவில்லை. மிக்சியில் மாட்டி ஒருமுறை ஓடவிட்டு அணைத்தேன். பிளேடு சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. உடனே தூக்காமல் கொஞ்சம் பொறுத்துத் தூக்கி, அடியில் விரலால் தடவிப் பார்த்தேன். ஒழுகவில்லை.